வலிக்காத பற்களின் பராமரிப்பு

பற்கள் முழுவதையும் இழந்த தாடையில் நான்கு முதல் ஆறு வரை டைட்டானியம் திருகுகளைப் பதித்து, அவற்றின் மேல் ஒரு வரிசைப் பற்களை ஒரே பாலமாக முடுக்கி நிறுத்துவது முழு வரிசை இம்ப்ளாண்ட். இந்தப் பற்கள் சொத்தையாவதில்லை, கூசுவதில்லை, நள்ளிரவில் வலித்து எழுப்புவதுமில்லை. ஆனால் அவற்றைத் தாங்கும் ஈறும் எலும்பும் உயிருள்ளவை. அழுக்கு சேர்ந்தால் ஈறு புண்ணாகும், எலும்பு கரையும். வலி என்ற எச்சரிக்கை இல்லாததால் இந்தச் சேதம் பல மாதங்கள் வெளியே தெரியாமலே வளரும். அதனால் இயற்கைப் பல்லில் நரம்பு பார்த்துக்கொண்ட காவலை இங்கே கை பார்த்துக்கொள்ள வேண்டும்.

கோலார் தங்கவயலில் இந்த விஷயத்துக்குத் தனித் தேவை இருக்கிறது. 2001 பிப்ரவரி 28 அன்று சுரங்கம் மூடப்பட்டபோது வேலையில் இருந்தவர்களில் பெரும்பாலோர் இன்று அறுபதைக் கடந்துவிட்டார்கள். பல் செட்டா, நிலையான பல்லா என்று யோசிக்கும் வயது அது. நகரத்துக்குள்ளேயே, பெமல் நகரில், ஒரு பல் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. ரயிலேறினால் பெங்களூரும் எட்டும் தூரம்தான். பல் பொருத்தும் வேலை சில மாதங்களில் முடிந்துவிடும். அதைக் காக்கும் வேலை வீட்டு வாஷ்பேசின் முன்னால் ஒவ்வொரு நாளும் நடக்க வேண்டும்.

எலும்போடு ஒட்டும் உலோகம்

ஸ்வீடன் மருத்துவர் பெர்-இங்வார் பிரானேமார்க் 1952இல் முயலின் கால் எலும்புக்குள் டைட்டானியக் கருவி ஒன்றைப் பொருத்தி ரத்த ஓட்டத்தை ஆராய்ந்துகொண்டிருந்தார். ஆய்வு முடிந்து கருவியை எடுக்கப் பார்த்தபோது எலும்பு அதை விடவில்லை. 1965இல், பிறவியிலேயே தாடைக் குறைபாடு கொண்ட யோஸ்டா லார்சன் என்பவரின் கீழ்த்தாடையில் நான்கு டைட்டானியம் திருகுகளைப் பதித்தார். 2006இல் இறக்கும்வரை, நாற்பது ஆண்டுகளுக்கு மேல், லார்சன் அந்தப் பற்களால் சாப்பிட்டார்.

டைட்டானியம் காற்றில் பட்டவுடன் அதன் மேல் மிக மெல்லிய ஆக்சைடு படலம் உருவாகிறது. எலும்புச் செல்கள் அந்நியப் பொருளென்று விலகாமல் அந்தப் படலத்தை ஒட்டி வளர்கின்றன. தங்கம் ஆக்சைடு ஆவதில்லை. அதனால்தான் அது மங்காமல் மின்னுகிறது. தொடக்க கால இம்ப்ளாண்டுகளில் எலும்புக்குள் டைட்டானியமும், மேலே பாலத்தின் உட்சட்டத்துக்குத் தங்கக் கலவையும் பயன்பட்டன. இன்று அந்தச் சட்டம் டைட்டானியத்திலோ, பாலம் முழுவதும் ஸிர்கோனியாவிலோ செய்யப்படுகிறது. அக்ரிலிக் பற்களைச் சட்டத்தின் மேல் ஏற்றுவதும் வழக்கத்தில் உள்ளது.

இயற்கைப் பல்லும் இம்ப்ளாண்டும்

இயற்கைப் பல் எலும்பில் நேரடியாக ஊன்றியிருப்பதில்லை. வேருக்கும் எலும்புக்கும் இடையில் மெல்லிய நார்த்திசு இருக்கிறது. ஊஞ்சலைக் கயிறு தாங்குவதுபோல அது பல்லைத் தாங்குகிறது. அழுத்தத்தை உணர்ந்து மூளைக்குச் சொல்வதும் அதுதான். சோற்றில் ஒரு மணல் கிடந்தாலும் பல் சட்டென்று நிற்பது இதனால்தான். இரண்டு இயற்கைப் பற்களுக்கு நடுவே சுமார் 20 மைக்ரான் கனமுள்ள தாளைக்கூட உணர முடியும். இரண்டு இம்ப்ளாண்டுகளுக்கு நடுவே அதே உணர்வு வர ஏறத்தாழ மூன்று மடங்கு கனம் வேண்டும்.

ஈற்றிலும் வேறுபாடு உண்டு. இயற்கைப் பல்லின் வேரில் ஈற்று நார்கள் குறுக்காக நுழைந்து, பானை வாயில் துணி கட்டியதுபோல இறுகப் பிடித்திருக்கும். இம்ப்ளாண்டின் மேல் அந்த நார்கள் நுழைய வழியில்லை. பக்கவாட்டில் படிந்து, சுற்றி நிற்கின்றன. அங்கே ரத்த ஓட்டமும் குறைவு. எனவே விளிம்பில் சேரும் அழுக்கு கீழே இறங்குவது எளிது, உடல் அதை எதிர்ப்பது கடினம்.

அழுக்குப் படலம் எப்படிக் கட்டுகிறது

பல் துலக்கிய சில நிமிடங்களில் உமிழ்நீரின் புரதங்கள் பல்லின் மேல் பூச்சாகப் படிகின்றன. சில மணி நேரத்தில் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் வகைப் பாக்டீரியாக்கள் அந்தப் பூச்சில் ஒட்டுகின்றன. அவை சுரக்கும் பசை மற்றவற்றுக்கு வீடாகிறது. நாட்கள் செல்லச்செல்லப் படலம் தடிக்கிறது. அடியில் ஆக்சிஜன் குறைகிறது. ஆக்சிஜன் இல்லாமல் வாழும், ஈற்றைத் தாக்கும் வகைகள் பெருகுகின்றன. இந்தப் படலம் உமிழ்நீரின் சுண்ணாம்புச் சத்தை உறிஞ்சி இறுகினால் அதுவே பற்காரை. மென்மையாக இருக்கும்வரை ப்ரஷ் அதை எடுத்துவிடும். காரையான பின் மருத்துவரின் கருவிதான் எடுக்கும்.

சுத்தம் நின்றால் என்ன ஆகும் என்பதை டென்மார்க்கின் ஆர்ஹுஸ் நகரில் ஆய்வாளர் ஹரால்ட் லோ 1965இல் காட்டினார். ஆரோக்கியமான ஈறு கொண்ட பன்னிரண்டு பேர் பல் துலக்குவதை நிறுத்தினார்கள். பத்திலிருந்து இருபத்தொரு நாட்களுக்குள் எல்லோருக்கும் ஈறு வீங்கியது. மறுபடி துலக்கத் தொடங்கியபோது சுமார் ஒரு வாரத்தில் ஈறு பழைய நிலைக்கு வந்தது.

அதே லோ 1970இல் இலங்கைத் தேயிலைத் தோட்டங்களில் 480 ஆண் தொழிலாளர்களின் வாயைப் பார்க்கத் தொடங்கி, பதினைந்து ஆண்டுகள் தொடர்ந்து கவனித்தார். அவர்களுக்குப் பல் துலக்கும் வழக்கமும் இல்லை, பல் மருத்துவமும் எட்டவில்லை. எல்லோர் வாயிலும் படலமும் காரையும் இருந்தன. ஆனால் சேதம் ஒரே மாதிரி நடக்கவில்லை. சுமார் 8 சதவீதம் பேருக்கு எலும்பு வேகமாகக் கரைந்தது. 81 சதவீதம் பேருக்கு மிதமாக. 11 சதவீதம் பேருக்கு ஈறு வீக்கத்தைத் தாண்டவே இல்லை.

இம்ப்ளாண்ட் வைத்துக்கொள்பவர்களுக்கு இந்த ஆய்வில் ஒரு முக்கியமான செய்தி இருக்கிறது. ஈறு நோயால் எல்லாப் பற்களையும் இழந்தவர் பெரும்பாலும் எளிதில் சேதமாகும் உடல்வாகு கொண்டவர். பற்களைப் பிடுங்கியதும் அந்த உடல்வாகு போய்விடுவதில்லை. புதிய பற்களுக்கு அவர் தரவேண்டிய கவனம் பழைய பற்களுக்குத் தந்ததைவிட அதிகம்.

இம்ப்ளாண்டைச் சுற்றி ஏற்படும் நோயில் இரண்டு கட்டங்கள் உண்டு. ஈறு மட்டும் சிவந்து, தொட்டால் ரத்தம் வருவது முதல் கட்டம்; சுத்தத்தை ஒழுங்காக்கினால் பெரும்பாலும் இது திரும்பிவிடும். எலும்பும் கரையத் தொடங்குவது இரண்டாம் கட்டம். இழந்த எலும்பு தானாக மீளாது. தங்கவயலில், மூன்று கிலோமீட்டருக்கும் மேல் ஆழமான சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில் ஊற்று நீரை இறைக்கும் பம்புகள் இரவும் பகலும் ஓடின. அவை நின்ற பிறகு நீர் ஏறிச் சுரங்கப் பாதைகளை மூடியது. வாயிலும் படலம் ஊற்றுப்போல ஊறிக்கொண்டே இருக்கிறது. ஒரு நாள் நன்றாக இறைத்துவிட்டால் மறுநாளைக்கு விடுமுறை கிடைப்பதில்லை.

பாலத்தின் அடிப்புறம்

முழு வரிசைப் பாலத்தில் கண்ணாடியில் தெரியும் பகுதி சுத்தம் செய்ய எளிது. சிக்கல் அடிப்புறத்தில் இருக்கிறது. பிரானேமார்க் காலத்துப் பாலங்கள் ஈற்றுக்கு மேல் தூண்களில் நிற்கும் வீடுபோல இருந்தன. அடியில் ப்ரஷ் புக இடைவெளி வேண்டுமென்றே விடப்பட்டது. ஆனால் மேல்தாடையில் அந்த இடைவெளி வழியாகக் காற்று கசிந்து பேச்சு குளறியது. பார்க்கவும் அழகாக இல்லை. பிற்காலத்தில் பாலம் ஈற்றைத் தொடும்படி இறக்கப்பட்டது. பேச்சும் தோற்றமும் சீரானபோது சுத்தம் கடினமானது.

எனவே பல் கட்டும்போதே மருத்துவரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியவை சில உண்டு. பாலத்தின் அடிப்புறம் புடைத்து, வழுவழுப்பாக இருக்கிறதா? அது குழிந்திருந்தால் உணவு தேங்கும், நூல் தொடாது. ஒவ்வொரு இம்ப்ளாண்டின் இரு பக்கமும் ப்ரஷ் நுழைய வழி விடப்பட்டிருக்கிறதா? எந்தப் பற்களுக்குக் கீழே இம்ப்ளாண்ட் இருக்கிறது? கண்ணாடி முன் மருத்துவர் அந்த இடங்களைக் காட்ட, நோயாளி தன் விரலால் தொட்டு நினைவில் வைத்துக்கொள்வது நல்லது. நான்கு இம்ப்ளாண்ட் என்றால் சுத்தம் செய்யவேண்டிய கழுத்துகளும், அதாவது அவை ஈற்றிலிருந்து வெளிவரும் இடங்களும், நான்கு.

தினசரி முறை

அறுவை முடிந்த முதல் வாரங்களில் தையல் உள்ள இடத்தில் ப்ரஷ் படக்கூடாது. மருத்துவர் சொல்லும் கிருமிநாசினியால் கொப்பளித்து, எஞ்சிய இடங்களை மிக மென்மையான ப்ரஷ்ஷால் துடைத்தால் போதும். ஈறு ஆறிய பின் முழு முறையைத் தொடங்கலாம். காலையில் ஐந்து நிமிடம், இரவில் பத்து நிமிடம் பிடிக்கும். இரவு வேளைதான் முக்கியம். தூக்கத்தில் உமிழ்நீர் குறைவதால் படலம் தடையின்றி வளரும்.

முதலில் மென்மையான நைலான் ப்ரஷ். இழைகளை ஈறும் பாலமும் சந்திக்கும் கோட்டில் சாய்த்து வைத்துச் சிறு அசைவுகளாகத் துலக்க வேண்டும். வெளிப்புறம் முடிந்ததும் நாக்குப் பக்கம், பிறகு கடிக்கும் பக்கம். பற்பசை அதிகம் உராயாத வகையாக இருக்க வேண்டும்.

இரண்டாவது, ஒற்றைக் குச்ச ப்ரஷ். பென்சில் முனை அளவுக்கு ஒரே ஒரு இழைக்கட்டு கொண்டது இது. இதை ஒவ்வொரு இம்ப்ளாண்டின் கழுத்தைச் சுற்றியும் ஓட்ட வேண்டும். கடைசி இம்ப்ளாண்டின் பின்பக்கம் பலரும் விட்டுவிடும் இடம். வாயைப் பாதி மூடினால் கன்னம் தளர்ந்து, ப்ரஷ் அங்கே எட்டும்.

மூன்றாவது, இடுக்கு ப்ரஷ். பாட்டில் கழுவும் ப்ரஷ்ஷின் குட்டி வடிவம். நடுக்கம்பி பிளாஸ்டிக் பூச்சுடன் இருக்க வேண்டும். வெறும் கம்பி டைட்டானியத்தைக் கீறும். இடைவெளியில் லேசாக இறுகி நுழையும் அளவே சரியான அளவு. தளர்வாகப் போனால் சுத்தமாகாது. திணித்தால் ஈறு கிழியும்.

நான்காவது, பஞ்சு நூல். இந்த நூலின் ஒரு முனை விறைப்பாகவும் நடுப்பகுதி பஞ்சாகவும் இருக்கும். விறைப்பான முனையை உதட்டுப் பக்கத்திலிருந்து பாலத்தின் அடியில் செலுத்தி நாக்குப் பக்கமாக வெளியே இழுக்க வேண்டும். பஞ்சுப் பகுதி அடியில் வந்ததும் இரு முனைகளையும் பிடித்து, செருப்பைத் துடைக்கும் துணிபோல முன்னும் பின்னும் நாலைந்து முறை இழுக்க வேண்டும். இம்ப்ளாண்ட் உள்ள இடத்தில் நூலைக் கழுத்தைச் சுற்றி வளைத்துத் தேய்க்க வேண்டும். வெளியே வந்த பஞ்சைப் பார்ப்பது அவசியம். கேழ்வரகுக் களியின் பழுப்பு மாவும் கீரை நாரும் பெரும்பாலும் அதில் இருக்கும். சிவப்புப் புள்ளி இருந்தால் எந்த இடத்தில் என்று குறித்துக்கொள்ள வேண்டும். இழை பிய்ந்து இம்ப்ளாண்டைச் சுற்றிக்கொண்டால் அதுவே ஈற்றைப் புண்ணாக்கும். நூல் முழுதாக வந்ததா என்று சரிபார்ப்பதும் இந்த வேலையில் சேர்ந்தது.

ஐந்தாவது, நீர்ப் பாய்ச்சும் கருவி, அதாவது வாட்டர் ஃப்ளாஸர். 1962இல் அமெரிக்காவின் ஃபோர்ட் காலின்ஸ் நகரில் ஒரு பல் மருத்துவரும் ஒரு பொறியாளரும் சேர்ந்து உருவாக்கிய சாதனம் இது. துடிப்புத் துடிப்பாக வரும் நீர், அடியில் தங்கிய உணவைத் தள்ளிவிடும். குறைந்த அழுத்தத்தில் தொடங்கி, பாலத்தின் அடியில் பக்கவாட்டாகப் பாய்ச்ச வேண்டும். ஈற்றுக்குள் குத்தி அடிக்கக் கூடாது. ஒட்டிய படலத்தை நீர் முழுமையாக எடுக்காது என்பதால் ப்ரஷ்ஷுக்கும் நூலுக்கும் இது துணை, மாற்று அல்ல.

கடைசியாக நாக்கை வழித்து, வாய் கொப்பளித்தால் வேலை முடிந்தது.

விடியற்காலை ரயிலில் மாரிக்குப்பத்திலிருந்தும் கோரமண்டலிலிருந்தும் பெங்களூர் போய் இரவு திரும்புபவர்கள் மதியச் சாப்பாட்டுக்குப் பின் முழு முறையைச் செய்ய முடியாது. சாப்பாட்டுப் பையில் ஒரு இடுக்கு ப்ரஷ்ஷை மூடியுடன் வைத்திருந்து, தண்ணீரில் கொப்பளித்து, ஒவ்வொரு கழுத்திலும் ஒருமுறை ஓட்டினால் மதியத்துக்கு அது போதும்.

கழற்றி மாட்டும் வகை

சிலருக்குப் பாலம் நிலையாக முடுக்கப்படுவதில்லை. இரண்டு அல்லது நான்கு இம்ப்ளாண்டுகளின் மேல் பித்தான்போல் அழுந்தி உட்காரும் பல் செட் தரப்படும். இதைத் தினமும் கழற்றி, வாஷ்பேசினில் கொஞ்சம் நீர் நிரப்பி அதன் மேல் பிடித்துக் கழுவ வேண்டும். கை நழுவினாலும் உடையாது. பாத்திரம் கழுவும் மென்மையான சோப்பு போதும். கொதிநீர் அக்ரிலிக்கை வளைத்துவிடும். இரவில் செட்டை நீரில் போட்டு வைத்து, ஈற்றுக்கு ஓய்வு தர வேண்டும். வாயில் நிற்கும் பித்தான்களையும் அவற்றைச் சுற்றிய ஈற்றையும் ஒற்றைக் குச்ச ப்ரஷ்ஷால் துலக்க வேண்டும். செட்டுக்குள் பித்தானைக் கவ்வும் பிளாஸ்டிக் வளையம் நாளாக ஆகத் தேயும். செட் தளர்ந்தால் பசை வாங்கி ஒட்டாமல் வளையத்தை மாற்றிக்கொள்வதே முறை.

பயன்படுத்தக் கூடாதவை

சாம்பல், செங்கல் தூள், கரித்தூள், உப்பு, சொரசொரப்பான பல்பொடி ஆகியவை அக்ரிலிக்கைத் தேய்த்துச் சொரசொரப்பாக்கும். சொரசொரப்பான பரப்பில் படலம் விரைவில் ஒட்டும். வேப்பங்குச்சியின் நார் பிய்ந்து பாலத்தின் அடியில் சிக்கும். ஊக்கு, கொண்டை ஊசி, பல்குச்சி ஆகியவற்றால் குத்தினால் டைட்டானியத்தில் கீறலும் ஈற்றில் காயமும் விழும்.

சாதாரண ஃப்ளூரைடு பற்பசையால் டைட்டானியத்துக்குக் கெடுதல் இல்லை. ஆனால் இயற்கைப் பற்களுக்கு மருத்துவமனைகளில் பூசப்படும் அமில ஃப்ளூரைடு ஜெல் வேறு. அமிலமும் ஃப்ளூரைடும் சேர்ந்தால் டைட்டானியத்தின் ஆக்சைடு படலம் அரிக்கப்படும். குளோர்ஹெக்சிடின் கொப்பளிப்பு மருந்து மருத்துவர் சொன்ன நாட்களுக்கு மட்டுமே. நீண்ட நாள் பயன்படுத்தினால் பற்கள் கறைபடும், நாக்கின் ருசி மாறும். பற்பசையின் நுரைக்கும் பொருள் அந்த மருந்தின் வேலையைக் கெடுப்பதால் இரண்டுக்கும் நடுவே அரை மணி நேரம் விட வேண்டும்.

கோலாரின் தண்ணீர்

கோலார் மாவட்டத்தின் பல ஊர்களில் ஆழ்துளைக் கிணற்று நீரில் ஃப்ளூரைடு அதிகம். இந்தியத் தர நிர்ணயத்தின்படி குடிநீரில் ஒரு லிட்டருக்கு 1 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கது. வேறு நீர் இல்லாத இடத்தில் 1.5 வரை அனுமதி உண்டு. பல் உருவாகும் குழந்தைப் பருவத்தில் மிகுதியான ஃப்ளூரைடைக் குடித்தவர்களுக்குப் பழுப்புக் கறை விழும். பொருத்திய பற்களுக்கு அந்தக் கறை வராது. அமிலமில்லாத அந்த நீர் டைட்டானியத்தையும் அரிக்காது. இருந்தாலும் எலும்பு நலனுக்காகக் குடிக்கும் நீரில் ஃப்ளூரைடு வரம்புக்குள் இருப்பது அவசியம்.

போர்வெல் நீரின் கடினத்தன்மை வாட்டர் ஃப்ளாஸருக்குப் பகை. குழாயின் நுண்ணிய துளையில் சுண்ணாம்பு படிந்து அழுத்தம் குறையும். வடிகட்டிய நீரை ஊற்றுவதும், அவ்வப்போது வினிகர் கலந்த நீரை உள்ளே ஓட்டிவிட்டுப் பின் நல்ல நீரால் அலசுவதும் கருவியைக் காக்கும். கருவியின் தொட்டியில் பழைய நீரைத் தேங்கவிடக் கூடாது.

உணவு, புகையிலை, உடல்நிலை

இம்ப்ளாண்டுக்கு அழுத்த உணர்வு குறைவு என்பதால் கடிக்கும் வேகத்தை மனம்தான் கட்டுப்படுத்த வேண்டும். ஆட்டு எலும்பைக் கடித்து உறிஞ்சுவது, கரும்பை உரிப்பது, பாக்கு உடைப்பது, ஐஸ்கட்டி மெல்லுவது ஆகியவை அக்ரிலிக் பல்லைச் சிதைக்கும், திருகைத் தளர்த்தும். முறுக்கையும் தட்டையையும் கையால் உடைத்துச் சிறு துண்டுகளாகக் கடைவாயில் மெல்லலாம். தூக்கத்தில் பல்லை நறநறவென்று கடிப்பவர்கள் மருத்துவர் செய்து தரும் இரவு உறையை அணிய வேண்டும்.

புகைப்பது ஈற்றின் ரத்த நாளங்களைச் சுருக்குகிறது. நோய் இருந்தும் ரத்தக் கசிவு குறைவாகத் தெரிவதால் நோய் மறைந்து வளரும். மென்று அடக்கும் புகையிலை ஈற்றில் நேரடியாகப் புண்ணையும், வாய்ப் புற்றுநோயையும் உண்டாக்கும். கட்டுப்பாட்டில் இல்லாத சர்க்கரை நோய் காயம் ஆறுவதையும் தொற்றை எதிர்ப்பதையும் கெடுக்கிறது. சர்க்கரை அளவைப் பார்ப்பதும் பற்களைக் காக்கும் வேலையில் சேர்ந்ததே.

தங்கவயலின் முதியவர்களுக்கு இன்னொரு கவனம் தேவை. பாறைத் தூசியால் நுரையீரல் இறுகும் சிலிக்கோசிஸ் நோய் இந்தியாவில் முதன்முதலாக இந்தச் சுரங்கத்திலிருந்துதான் பதிவானது. மூச்சிரைப்புக்கு இன்ஹேலர் இழுப்பவர்களுக்கு வாய் உலரும். ஸ்டீராய்டு கலந்த இன்ஹேலரால் வாயில் வெள்ளைப் பூஞ்சை படியும். ஒவ்வொரு முறை இழுத்த பின்பும் கொப்பளித்துத் துப்ப வேண்டும். பாலத்தில் தங்கும் பாக்டீரியா மூச்சுக்குழாயில் இறங்கினால் நலிந்த நுரையீரலுக்கு ஆபத்து என்பதால், இவர்களுக்கு வாய்ச் சுத்தம் நுரையீரலுக்கும் பாதுகாப்பு.

எப்போது மருத்துவரிடம் போவது

சுத்தம் ஒழுங்காக நடந்தும் ஒரே இடத்தில் ஒரு வாரத்துக்கு மேல் ரத்தம் வந்தால் காட்ட வேண்டும். ஈற்றை அழுத்தினால் சீழ் வருவது, விடாத துர்நாற்றம், ஈறு இறங்கி உலோகம் தெரிவது, கடிக்கும்போது பாலம் அசைவது அல்லது டிக்கென்று ஒலிப்பது, பல்லில் விரிசல் ஆகியவற்றுக்கு அந்த ஒரு வாரமும் காத்திருக்கக் கூடாது. பாலம் அசைந்தால் பெரும்பாலும் தளர்ந்தது திருகாக இருக்கும். சீக்கிரம் முடுக்கினால் தீரும், விட்டுவைத்தால் திருகு முறியும்.

எந்தத் தொல்லையும் இல்லாதவர்களும் மூன்று முதல் ஆறு மாதத்துக்கு ஒருமுறை பரிசோதனைக்குப் போக வேண்டும். மருத்துவர் ஈற்றின் ஆழத்தை அளப்பார், காரையை எடுப்பார், தாம் குறித்த இடைவெளிகளில் எடுக்கும் எக்ஸ்ரே படத்தைப் பழைய படத்தோடு ஒப்பிட்டு எலும்பு மட்டத்தைப் பார்ப்பார். தேவைப்பட்டால் பாலத்தையே கழற்றி அடிப்புறத்தைச் சுத்தம் செய்வார். முதல் எக்ஸ்ரே படமும், எந்தக் கம்பெனி, எந்த அளவு இம்ப்ளாண்ட் என்ற சீட்டும் வீட்டில் பத்திரமாக இருக்க வேண்டும். ஊர் மாறினாலும் மருத்துவர் மாறினாலும் பொருத்தமான திருகைக் கண்டுபிடிக்க அந்தச் சீட்டுதான் வழி.

வயது ஏற ஏற விரல்கள் விறைக்கும், கை நடுங்கும், பார்வை மங்கும். நூல் செலுத்த முடியாதவர்களுக்குத் தடித்த கைப்பிடி ப்ரஷ்ஷும் வாட்டர் ஃப்ளாஸரும் உதவும். அதுவும் முடியாதபோது வீட்டில் ஒருவர் பாலத்தின் அடிப்புறத்தைச் சுத்தம் செய்யக் கற்றுக்கொள்ள வேண்டும். முதியவரை நாற்காலியில் உட்காரவைத்து, பின்னால் நின்று தலையைத் தாங்கியபடி செய்வது எளிது. வீட்டில் அப்படி ஒருவர் இல்லையென்றால், நிலையான பாலத்தை எடுத்துவிட்டு, இருக்கும் இம்ப்ளாண்டுகளின் மேலேயே கழற்றி மாட்டும் செட்டாக மாற்ற முடியுமா என்று மருத்துவரைக் கேட்கலாம்.